வெளியே போகிறவர்களுக்கு மணி அடிக்காது

கண்டக்டர் வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று எங்கள் மேனேஜர் எழுதிய கடிதத்தின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான்கே வரி. தேதியைத் தவிர மற்றதெல்லாம் பொய். கிழித்துப் போடலாம், போடமாட்டேன். கோபம் ஆறிப்போனால் மனிதர்களுக்கு நடந்தது மறந்துவிடுகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் அந்த மனிதரைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

கண்டக்டர் என்பது அவர் பேர் இல்லை, பழைய வேலை. இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பிறகு டிக்கெட் கொடுப்பதையும் கதவைச் சாத்துவதையும் மெஷினே செய்யும் பஸ்கள் வந்தன. டிரைவர் மட்டும் போதும் என்று இவரை இறக்கிவிட்டார்கள். ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தார். அவர்கள் நான் தலைமை நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வாசல் காவலாக அனுப்பினார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

வந்த அன்று ஆள் உட்காரவே இல்லை. இரண்டு காலையும் அகட்டி, தரை எந்த நிமிஷமும் குலுங்கும் என்பது போல நின்றார். தோளில் பை இல்லாமலேயே பை தொங்குகிற சாய்வு. பேசும்போது கை தானாக மேலே போய் இல்லாத கம்பியைத் தேடும். அதைப் பார்த்த எங்கள் சமையல்காரம்மா, "உள்ள இடம் நிறைய இருக்கு, முன்னாடி போய் உட்காருங்க" என்றாள்.

"இறங்கற ஸ்டாப்பே வந்துருச்சும்மா, இனிமே என்ன உட்கார்றது" என்றார் அவர்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் கண்டக்டர்.

தினம் நான்கு முறை தலை எண்ணுவார். சாப்பாட்டு அறை, டிவி அறை, தோட்டத்து பெஞ்சுகள், வராந்தா என்று ஒரு சுற்று வருவார்; உதடு மட்டும் அசையும். நாற்பத்தொன்று வர வேண்டும். ஒன்று குறைந்தால் கழிவறைக் கதவுகளை வரிசையாகத் தட்டுவார். அப்படித் தட்டித்தான் ஒருமுறை குளியலறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தோம். இதை யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். "ஏறினவங்களை எல்லாரும் எண்ணுவாங்க அக்கா, டிக்கெட் குடுக்கணுமே. எங்க இறங்கினாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறவன்தான் கண்டக்டர்" என்றார்.

இன்னொன்றையும் யாரும் சொல்லித்தராமலே செய்தார். மறதி நோய் வந்தவர் வெளியே கிளம்பினால் குறுக்கே நிற்கக் கூடாது. கூடப் போக வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருப்பிக் கூட்டிவர வேண்டும். பராமரிப்புப் பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரம் சொல்லித்தருவது இது. என்னிடம் வேலைக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு வருஷக்கணக்கில் சொன்னாலும் ஏறாது. கையைப் பிடித்து இழுப்பார்கள், பெரியவர் கத்துவார், கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். கண்டக்டர் ஒரு நாளும் யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. "ஒரு ட்ரிப் போய்ட்டு வந்துடலாம்" என்பார், போய்விட்டு வந்துவிடுவார்.

அவருடைய முக்கியமான பயணி தபால்காரர். எண்பத்தொரு வயது, வேலையில் இருந்த காலத்தில் முப்பது வருஷம் ஒரே வட்டாரத்துக்குக் கடிதம் கொடுத்தவர். மகள் கொண்டுவந்து சேர்க்கும்போது தன் பேரை மறந்திருந்தார், வேலையை மறக்கவில்லை. பழைய உறை, மருந்துச் சீட்டு, காலண்டர் தாள் என்று கிடைத்ததையெல்லாம் துணிப்பையில் அடுக்குவார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது செருப்பைத் தேடுவார். டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்பார். கண்டக்டர் வந்து பக்கத்தில் நிற்பார்: "என்ன சார், இன்னிக்கு லோடு ஜாஸ்தியா?" இருவரும் சமையலறை வழியாகப் போய், பின்கதவைத் திறந்து, பின்னாலிருக்கும் சின்னச் சந்து ஒன்றைக் கடந்து, எதிரே இருக்கும் எங்கள் துணி துவைக்கும் கொட்டகை வரை போவார்கள். வழியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சீட்டு. சமையல்காரம்மா தன் பங்கை வாங்கிக்கொண்டு, என்றைக்காவது ஒரு நல்ல சேதி கொண்டுவரக் கூடாதா என்று கேட்பாள். "நான் எழுதறதில்லம்மா, குடுக்கறது மட்டும்தான்" என்பார் தபால்காரர். பன்னிரண்டு நிமிஷம். அதன் பிறகு சாயங்காலம் வரை அந்த மனிதர் அமைதியாக இருப்பார். மாத்திரையால் அதைச் செய்ய முடியாது, செய்து பார்த்திருக்கிறோம்.

இப்படி ஐந்து வருஷம் நடந்தது. பிறகு ஒரு நாள் பின்சுவர் ஏறி வந்து யாரோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர் புதுக் கேமராக்கள் வாங்கினார்.

கேமரா கம்பெனிக்காரர் எங்களை எல்லாம் உட்காரவைத்துப் படம் காட்டினார். இது வெறும் கேமரா இல்லையாம், யோசிக்கிற கேமராவாம். மனிதன் வேறு, நாய் வேறு, வண்டி வேறு என்று அதற்குத் தெரியுமாம். திரையில் பின்கதவுக்கு நேரே ஒரு மஞ்சள் கோடு போட்டார். அந்தக் கோட்டை யாராவது தாண்டினால் ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வரும், மணி அடிக்கும், மேனேஜர் போனுக்குச் செய்தி போகும், அந்தக் காட்சி மட்டும் சேமிக்கப்படும். மற்ற நேரத்தில் எதையும் பார்க்கவும் வேண்டாம், எங்கேயும் அலையவும் வேண்டாம் என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம் மேனேஜருக்குப் பிடித்துப்போயிற்று. இருந்த இரண்டு காவலாளிகளில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினார். கண்டக்டரை முன்வாசல் அறையில், திரைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மணி அடித்தாலொழிய எழக் கூடாது. முன்வாசலில் பகலெல்லாம் பார்வையாளர்கள் வந்துபோவார்கள் என்பதால் அங்கே கோடு இல்லை. அதற்குத்தான் ஜன்னலோரம் ஆள் இருக்கிறாரே. தலை எண்ணுவது நின்றது. பத்து மணி டெலிவரிக்குத் தபால்காரருடன் போக உதவிப் பெண்களில் ஒருத்தியை முறை வைத்து நான் அனுப்பினேன்.

உட்கார்ந்த முதல் வாரமே கண்டக்டரின் முட்டி வீங்கியது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

யோசிக்கிற கேமரா என்ன யோசித்ததோ, கொடியில் ஆடும் படுக்கை விரிப்புக்கெல்லாம் மணி அடித்தது. முக்கியமாக எங்களுக்கு அடித்தது. நாற்பத்தொரு பேரின் துணியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை கொட்டகைக்குப் போய்வருவோம்! போனால் ஒரு மணி, வந்தால் ஒரு மணி. குண்டு விழப்போகிறது என்று ஒரு அம்மா மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார். ஒரு பெரியவர் பயத்தில் சிறுநீர்க் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டார். ரத்தம். இரண்டாவது முறை நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் முன்வாசல் அறைக்குப் போனேன். மேனேஜர் இருந்தார், கேமராவைச் சரிபார்க்க வந்த டெக்னீசியனும் இருந்தார்.

"இதை நிறுத்தறீங்களா, இல்ல நான் கத்திரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

டெக்னீசியன் சிரித்தார். "சின்ன விஷயம் மேடம். இப்ப ரெண்டு பக்கமும் அடிக்குது. வெளிய போறது உங்க ஆளுங்கதானே? உள்ள வர்றப்ப மட்டும் அடிக்கிற மாதிரி வச்சிடறேன்."

திரையில் மஞ்சள் கோட்டின் மேல் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. ஒன்று வெளியே பார்த்தது, ஒன்று உள்ளே பார்த்தது. அவர் எதையோ அழுத்தினார். வெளியே பார்த்த அம்பு மறைந்தது.

நாற்காலியில் இருந்த கண்டக்டர் கேட்டார்: "அப்போ வெளிய போறவங்களுக்கு?"

"வெளிய போறவன் என்ன திருடனாண்ணே?" என்றார் டெக்னீசியன்.

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சத்தமாவது குறைந்ததே என்று நான் நன்றி சொல்லிவிட்டு வேறு வந்தேன்.

அதற்கு ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. உதவிப் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். இன்னொருத்தியும் நானும் மூச்சுத் திணறிய ஒரு பாட்டியின் கட்டிலருகே இருந்தோம். சமையல்காரம்மா சாமான் அறையில். முன்வாசலில் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி வந்து நின்றது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பத்தரை மணி டீ கொடுக்கும்போது தபால்காரரின் கப் அப்படியே ஆறிக் கிடந்தது. துணிப்பையும் இல்லை, செருப்பும் இல்லை.

சேதி கேட்டதும் நாற்காலியை விட்டு முதலில் எழுந்தவர் கண்டக்டர். நேரே பின்கதவுக்கு ஓடினார். மேனேஜர் திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். காலை ஒன்பதரைக்கு மேல் பின்பக்கம் ஒரு மணியும் இல்லை. கண்டக்டரைத் திரும்பக் கூப்பிட்டார். பின்பக்கம் யாரும் போகவில்லை என்று சிஸ்டம் சொல்கிறது, நீ ஏன் அங்கே ஓடுகிறாய் என்று கேட்டார். பின்பக்கமும் பார்க்கலாம் சார் என்று கண்டக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவது முறையும் சொன்னார். எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் முன்பக்கம் கிளம்பினோம். பெரிய சாலை, பஸ் ஸ்டாப், மருத்துவமனை, போலீஸ் ஸ்டேஷன். நானும் கிளம்பினேன். மெஷின் சொல்லிவிட்டதே.

மூன்றேகால் மணிக்கு ஆள் கிடைத்தார். எங்கள் பின்சந்து போய்ச் சேரும் புதுக் குடியிருப்புத் தெருவில், குழாய் பதிக்கத் தோண்டிய குழியில். காலையிலிருந்து வேறு இடத்தில் வேலையாக இருந்த குழாய் வேலையாட்கள் திரும்பி வந்து பார்த்தபோது, இடுப்பு எலும்பு முறிந்து, நாக்கு வறண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தாராம்.

அந்தத் தெருவில் பதினோரு வீட்டுப் பெட்டியில் அவர் சீட்டுப் போட்டிருந்தார். பதினோரு வீட்டு வாசலிலும் கேமரா இருந்தது. பதினோரு பேருடைய போனுக்கும் வாசலில் ஆள் என்று செய்தி போயிருக்கிறது. எல்லாரும் ஆபீசிலிருந்தோ உள்ளறையிலிருந்தோ பார்த்திருக்கிறார்கள். வெள்ளைத் தலை, தள்ளாட்டம், கையில் பை. விரலால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பொறுப்பாகத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்: சந்தேகத்துக்குரிய ஆள், பெட்டிகளில் ஏதோ போடுகிறான், எச்சரிக்கை. அதற்கு ஆறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒரு ஆளாவது கதவைத் திறந்து, "ஐயா, யாரு நீங்க?" என்று கேட்டிருந்தால் போதும்.

மறுநாள் தபால்காரரின் மகள் வந்து மேனேஜர் மேசையைத் தட்டிக் கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். மேனேஜருக்கு ஒரு கழுத்து தேவைப்பட்டது. கணக்குச் சுலபம்: பின்பக்கம் மணி அடிக்கவில்லை, ஆகவே முன்பக்கம்தான் போயிருக்க வேண்டும், முன்பக்கம் இருந்தது கண்டக்டர், அவர் பார்க்கவில்லை என்றால் தூங்கியிருக்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கே கடிதம் ஏஜென்சிக்குப் போனது. நகல் ஒன்று என் மேசைக்கும் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தி, எல்லார் முன்னாலும் கேட்டேன்: "தூங்கிட்டீங்களா?"

அவர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. சீருடைச் சட்டையை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டுப் பனியனோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போனார். ஏஜென்சி தன் பட்டியலிலிருந்து அவர் பேரை அடித்தது. காவலுக்கு வந்தவன் தூங்கினான் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் வேறு எந்த ஏஜென்சியும் வாசலில்கூட நிறுத்தாது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு என்ன வேலை கிடைக்கும்?

ஒன்பதாம் நாள், இரண்டு கையிலும் ஈர விரிப்புகளைச் சுமந்துகொண்டு பின்கதவைத் தாண்டினேன். கொட்டகையில் போட்டுவிட்டுத் திரும்பினேன். மணி அடித்தது. ஆறு மாதமாகக் கேட்கிற மணி. அடுப்பில் பாத்திரம் விழுகிற சத்தம் போல அது காதில் ஏறாமல் போயிருந்தது. அன்று ஏறியது. அப்படியே நின்றேன். திரும்ப வெளியே போனேன். சத்தம் இல்லை. உள்ளே வந்தேன். அடித்தது. மறுபடி போனேன். இல்லை.

"என்ன சிஸ்டர், கோடு தாண்டி விளையாடறீங்களா?" என்றாள் சமையல்காரம்மா.

அம்பு. கத்திரிக்கோல் எடுத்து வரட்டுமா என்று கேட்டு நான் மாற்றவைத்த அம்பு. தபால்காரர் நேராக இந்தக் கதவு வழியாகத்தான் போயிருக்கிறார். வெளியே போகிறவருக்கு மணி அடிக்காது, காட்சியும் சேமிக்காது. மெஷின் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதை மட்டும் சொன்னது.

வேலை முடிந்ததும் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் ரிப்பேர் கடை மாடியில் இரண்டு அறை. அவர் மனைவி தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"வாங்கக்கா. நீங்களாவது கேளுங்க. ஒம்பது நாளா வாயைத் தொறக்கல. தொறந்தா முத்து உதிர்ந்துடும் போல."

கண்டக்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அங்கும் நின்றுகொண்டுதான்.

"அந்த அம்பு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்குப் பத்தரைலேர்ந்து."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா அம்பை மாத்தச் சொன்னது யாருன்னு வரும். நீங்கன்னு வரும். எனக்கு இந்த வாசல் இல்லன்னா இன்னொரு வாசல் அக்கா. உங்களுக்கு வயசு அறுபத்தெட்டு. அங்கேயே ஒரு ரூம் குடுத்து வச்சிருக்காங்க. அது போச்சுன்னா நீங்க எங்க போவீங்க?"

பரிதாபப்படுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. அன்று வந்த கோபம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை.

"உங்ககிட்ட நான் கேட்டேனா? என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்க கையில எழுதிக் குடுத்தேனா? பத்தரைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் நாலு மணி நேரம் குழியில கெடந்திருக்க மாட்டார். எனக்கு ரூம் இருக்கணும்னு அவரை அங்க போட்டுட்டீங்க."

மனைவி என்னைத் தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கையில் இருந்த வாரைச் சுருட்டிக்கொண்டு கணவரையே பார்த்தாள்.

"நான் தனியா போனேன் அக்கா" என்றார் கண்டக்டர். குரல் இறங்கிவிட்டது. "நீங்கல்லாம் பெரிய ரோட்டுக்குப் போனதும், சொல்லாம பின்சந்துல ஓடினேன். கடைசில ரெண்டா பிரியும்ல. நான் ரைட்ல போனேன். அவர் லெஃப்ட்ல போயிருக்கார்."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. திட்ட வேண்டிய மற்ற ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

"ரெண்டு பேரும் சண்டை போட்டாச்சுல்ல" என்றாள் மனைவி. "தூங்கினாருன்னு எழுதின கடுதாசியை யாரு மாத்தறது? அதைச் சொல்லுங்க. என் புருஷன் வீட்டுலயே பகல்ல படுத்து நான் பார்த்ததில்லை."

மறுநாள் பதினோரு மணிக்குத் தபால்காரரின் மகள் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்து வாங்க வருவதாக இருந்தது. அவள் மேனேஜர் அறையில் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் முன்வாசல் அறைக்கு வர வேண்டும் என்றேன். இது டெக்னிக்கல் விஷயம், பிறகு பேசலாம் என்றார் மேனேஜர். நான் நடந்துதான் காட்டப்போகிறேன், நடப்பதில் என்ன டெக்னிக் என்று கேட்டேன். மகள் எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததால் அவரும் எழ வேண்டியதாயிற்று.

அவர்களைத் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பின்கதவுக்குப் போனேன். வெளியே நடந்தேன். சந்தின் நடுவில் நின்று முப்பது வரை எண்ணினேன். உள்ளே வந்தேன். மணி அடித்தது. நான் அறைக்குத் திரும்பியபோது மகள் திரையிலிருந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்துக்குள் நான், உள்ளே வருகிறேன். அதற்கு முந்தைய நான் எங்கேயும் இல்லை.

அம்பு எப்படி மாறியது, யார் மாற்றச் சொன்னது, யார் யார் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மேனேஜர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அடுத்த கழுத்து கிடைத்துவிட்ட தெளிவு. "அப்படின்னா இது உங்க தப்பு சிஸ்டர்."

"ஆமா தம்பி. எழுதிக்குங்க. அம்பை மாத்தச் சொன்னது என் தப்பு. அன்னிக்குக் கூட ஆள் அனுப்பாதது என் தப்பு. அஞ்சு வருஷமா தினம் தலை எண்ணின மனுஷனை நாற்காலியில கட்டிப் போட்டது உங்க தப்பு. எல்லாரோட தப்பும் வரிசையா இருக்கு. தூங்கினது மட்டும் யாரும் இல்ல."

மகள் என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவள் மேனேஜர் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்: "எங்கப்பாவைச் சேர்த்து இத்தனை வருஷத்துல, எங்கப்பா கூட தினமும் நடக்கிற ஒருத்தர் இருக்கார்னு எனக்கு யாரும் சொல்லல. போன வருஷம் வந்தப்போ கேமராவைக் காட்டினீங்க. அந்த ஆளை ஏன் சார் காட்டல?"

மேனேஜர் லெட்டர்பேடை எடுத்து மேசை மேல் வைத்தார்.

புதுக் கடிதம் எழுதும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். தவறான புரிதலின் காரணமாக என்று ஆரம்பித்தார். அடிக்கச் சொன்னேன். சூழ்நிலை காரணமாக என்றார். அதையும் அடிக்கச் சொன்னேன். தூங்கவில்லை என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது, அதை எழுதுங்கள் என்றேன். எழுதினார். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கி அதே இழுப்பறையில் போட்டேன். அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. பெருந்தன்மையால் இல்லை, என் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால்.

கண்டக்டர் மூன்று வாரம் கழித்துத் திரும்பினார். சீருடையைப் போடுவதற்கு முன்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் வைத்தார். மேனேஜர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். முன்பு நிறுத்திய காவலாளியையும் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். தலை எண்ணுவது மறுபடி நடக்கிறது. கண்டக்டர் என்னோடு முன்பு போலப் பேசுகிறார். ஆனால் அந்தத் தெருப் பக்கம் மட்டும் போவதில்லை. சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று அவர் மனைவி சொன்னாள்.

தபால்காரர் இனி நடக்கமாட்டார். சக்கர நாற்காலிதான். வலி அதிகமான நாட்களில் அதுவும் இல்லை. பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது பையை மட்டும் தேடுகிறார், செருப்பைத் தேடுவதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வருவது அழுகை இல்லை. கேமராக் கம்பியை இழுத்து அறுக்க வேண்டும் போல வருகிறது. அறுப்பதில்லை. மணி இப்போது இரண்டு பக்கமும் அடிக்கிறது. நானே நின்று அம்பைத் திரும்பப் போடவைத்தேன். கண்டக்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி. அந்த அம்மா மேசைக்கு அடியில் போகிறார். நானும் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்தபின் வெளியே கூட்டிவருகிறேன். குழாய் பிடுங்குகிற பெரியவருக்கு அந்த நேரத்தில் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறாள். தொல்லைதான். இருக்கட்டும்.

போன வாரம் கேமரா கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். வெளியே போகிற மறதி நோயாளிகளை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிற புது வசதி வந்திருக்கிறதாம். கூட யாரும் போகவே தேவையில்லையாம். வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரத்தை மேனேஜர் என் மேசையில் வைத்து, படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி குறிப்பு எழுதியிருந்தார்.

படித்துப் பார்த்தேன். நாலாக மடித்துத் தபால்காரரின் பையில் போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அது மேனேஜர் மேசைக்கே டெலிவரி ஆனது. சக்கர நாற்காலிக்குப் பின்னால் கண்டக்டர் காலை அகட்டி நின்றுகொண்டு, "ரிஜிஸ்டர் தபால் சார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்றார். தபால்காரர் நீட்டிய கை இறங்கவில்லை. மேனேஜர் பேனாவைத் தேடினார்.